ஒரே ஹால் சுவருக்கு மூணு படம் வாங்கியும் ஒண்ணும் செட் ஆகல, ஏன்? ஒரு வீட்டோட முழு கதை

நான் படங்களுக்கு ஃப்ரேம் போடுற வேலை பண்றேன். போன வருஷம் ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் ஒரு பெரிய பிரிண்ட்டை சுருட்டி எடுத்துக்கிட்டு பட்டறைக்கு வந்தாங்க. ஒரே சுவருக்கு இது மூணாவது படம். முன்னாடி வாங்குன ரெண்டும் மாட்டி கொஞ்ச நாள்லயே பிடிக்காம போயிடுச்சு, ஒண்ணு கட்டிலுக்கு அடியில, ஒண்ணு பரண்ல. இதுக்கும் ஃப்ரேம் போட்டு வீட்ல மாட்டி அதுவும் சரியா வரலைன்னா இனிமே அந்த சுவர வெறுமனே விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டு தான் வந்திருந்தாங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது அக்கா ஒண்ணு சொன்னாங்க, "எங்களுக்கு இதுல டேஸ்ட் இல்ல தம்பி, அதான்."

எனக்கு அது ரொம்ப உறுத்துச்சு. ஏன்னா அவங்க வாங்குன மூணு படமும் உலகத்துலயே மிகச் சிறந்த படங்கள்ல வரும். முதல் படம் பிரெஞ்சு ஓவியர் சோராவோட கிராண்ட் ஜாட் தீவு ஞாயிற்றுக்கிழமை படம், ரெண்டாவது ஆஸ்திரியா ஓவியர் கிளிம்ட்டோட முத்தம், மூணாவது ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட பெரிய அலை. இத தேடி எடுத்தவங்களுக்கு டேஸ்ட் இல்லன்னு யார் சொல்றது? அதனால ஃப்ரேம் ஆர்டர் எடுக்காம, முதல்ல வீட்ட பாக்கணும்க்கா, அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டேன். அங்க என்ன பாத்தோம் என்ன மாத்தினோம்ங்கிறத முழுசா எழுதுறேன், ஏன்னா இதே பிரச்சனையோட நிறைய பேர் வராங்க, வந்தவங்க எல்லாரும் அவங்க ரசனை மேல தான் பழி போடுறாங்க.

வீடும் சுவரும்

ஹால் நீளம் 5.5 மீட்டர். ஒரு கடைசில சோஃபா, அதுக்கு பின்னாடி இருக்கிற சுவர் தான் பிரச்சனை சுவர், 3.4 மீட்டர் அகலம். எதிர் கடைசில சமையலறை வாசல். மேற்கு பக்கம் பெரிய ஜன்னல், அந்த ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி, அதுல தான் அண்ணனோட, அதாவது அக்கா வீட்டுக்காரரோட, அம்மா பகல் முழுக்க உக்காந்திருப்பாங்க. இன்னொரு ஓரத்துல சின்ன மேஜை ஒண்ணு, அண்ணன் வீட்ல இருந்து வேலை பாக்குற இடம், மேஜைக்கு பின்னாடியே சுவர், அதுவும் வெறும் சுவர்.

நான் முதல்ல கேட்ட கேள்வி, இந்த சோஃபா சுவர யார் பாக்குறாங்க? ரெண்டு பேரும் "நாங்க தான்"னு சொன்னாங்க. சரி, மூணு நாளைக்கு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க, யார் எந்த நேரத்துல எங்க இருந்து அந்த சுவர பாக்குறீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மூணு நாள் கழிச்சு அந்த பேப்பர பாத்தா, அண்ணன் பேருக்கு நேரா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. அவர் வீட்ல இருக்கிற நேரம் பாதி மேஜையில, மீதி சோஃபாவுல. சோஃபாவுல உக்காந்தா அந்த சுவருக்கு முதுக காட்டிக்கிட்டு தானே உக்காருறார்! அமைதியா, நுணுக்கமா, கிட்ட போய் பாக்க பாக்க ஏதாவது புதுசா தெரியற படம் வேணும்னு ஒரு வருஷமா சண்டை போட்ட மனுஷன் அந்த சுவர பாக்குறதே இல்ல. அக்கா பாக்குறது சமையலறை வாசல்ல இருந்து, அதாவது 5 மீட்டர் தூரத்துல இருந்து, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவ, ஒவ்வொரு தடவையும் ரெண்டு செகண்ட். அம்மா பாக்குறது ஜன்னல் ஓரத்துல இருந்து, ரெண்டரை மீட்டர், சாய்வா, மணிக்கணக்கா.

இந்த கேஸோட விஷயமே இது தான். இவங்க சண்டை ரசனை சண்டையே இல்ல, தூரத்துனால வந்த சண்டை. ரெண்டு பேரும் ஒரே சுவர பத்தி பேசுறதா நினைச்சுக்கிட்டு ரெண்டு வேற வேற தூரத்த பத்தி பேசிக்கிட்டு இருந்திருக்காங்க.

மூணு படமும் ஏன் தோத்துச்சு

சோரா படத்த முதல்ல எடுத்துக்குவோம். அவர் அத 1884 தொடங்கி 1886 வரைக்கும் வரைஞ்சார், அகலம் 3 மீட்டருக்கு மேல, உயரம் 2 மீட்டருக்கு மேல, இப்ப சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ல இருக்கு. முழுக்க புள்ளி புள்ளியா வச்ச வண்ணம், கொஞ்சம் தள்ளி நின்னா அந்த புள்ளிகள் கண்ணுக்குள்ள கலந்து வேற நிறமா தெரியும், அது தான் அந்த படத்தோட உயிரு. இவங்க வாங்குனது 50 செ.மீ. அகல பிரிண்ட். ஆறுல ஒரு பங்கு. புள்ளி எல்லாம் பிரிண்ட்லயே கரைஞ்சு போச்சு. சரி அதாவது போகட்டும், 50 செ.மீ. படத்த 5 மீட்டர்ல இருந்து பாத்தா எவ்வளவு பெருசா தெரியும்னு கணக்கு போட்டு பாருங்க, கைய நீட்டி 60 செ.மீ. தூரத்துல 6 செ.மீ. அட்டைய பிடிச்சு பாக்குற மாதிரி தான். அதுல நாப்பது அம்பது மனுஷங்க. அக்காவுக்கு வாசல்ல இருந்து பச்சையா ஒரு திட்டு தெரிஞ்சிருக்கு, அவ்வளவு தான். போதாததுக்கு அத மாட்டுனவர் ஸ்டூல் போட்டு ஏறி நின்னு தன் கண்ணுக்கு நேரா ஆணி அடிச்சிருக்கார், படத்தோட நடுப்புள்ளி தரையில இருந்து 190 செ.மீ.ல போயிடுச்சு, சோஃபாவுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லாம மேல தனியா தொங்கிக்கிட்டு இருந்திருக்கு.

அந்த பழைய ஃப்ரேமை கழட்டினப்ப தான் இன்னொண்ணு தெரிஞ்சுது. ஃப்ரேமோட உள் விளிம்பு படத்து மேல ஒரு அரை செ.மீ. மூடியிருக்கும்ல, அந்த மூடுன பட்டையில மட்டும் புல்லு நல்ல பச்சையா இருக்கு, அதுக்கு பக்கத்துலயே வெளிய தெரிஞ்ச இடம் வெளிறி, நீலமா சாம்பலா ஒரு நிறம். ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை. அக்கா விரல வச்சு தடவி பாத்தாங்க, "இது இப்படியா இருந்துச்சு"ன்னு கேட்டுட்டு அப்புறம் பேசவே இல்ல. பதினாலு மாசம் தான் மாட்டியிருந்தது. மேற்கு ஜன்னல் வெயில் தினமும் ஒரு ஒண்ணரை மணி நேரம் நேரா அது மேல விழுந்திருக்கு. மியூசியங்கள்ல பேப்பர்ல இருக்கிற படங்களுக்கும் வாட்டர்கலருக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) வெளிச்சம், ஆயில் பெயின்டிங்குக்கு 200 லக்ஸ் அளவுல வைக்கிறது வழக்கம். நான் அந்த வெயில் விழுற இடத்துல ஃபோன்ல அளந்து பாத்தா 20,000 தாண்டுச்சு. சாதாரண டை இங்க் (கரைஞ்ச சாயத்துல பண்ண இங்க்) பிரிண்ட் இதுக்கு எப்படி தாங்கும்? பிக்மென்ட் இங்க்னா, அதாவது நுண்ணிய நிறத்தூள்ல பண்ணதுன்னா, இன்னும் நிறைய நாள் தாங்கும், யூவி தடுக்குற கண்ணாடி போட்டா இன்னும் கொஞ்சம், ஆனா கண்ணுக்கு தெரியற வெளிச்சமும் நிறத்த மங்க வைக்கும், போன நிறம் திரும்ப வராது. வான் கோவோட பெட்ரூம் படத்துல இன்னிக்கு நாம பாக்குற நீல சுவர் அவர் 1888-ல வரைஞ்சப்ப ஊதாவா இருந்தது, அதுல கலந்திருந்த சிவப்பு வெளிச்சத்துல போயிடுச்சு. அவ்வளவு பெரிய ஓவியத்துக்கே அந்த கதின்னா நம்ம வீட்டு பிரிண்ட் எம்மாத்திரம்.

கிளிம்ட் படம் வேற மாதிரி தோத்துச்சு. சைஸ் பரவாயில்ல, 90க்கு 90 செ.மீ. கேன்வாஸ் பிரிண்ட். ஒரிஜினல் 180க்கு 180, வியன்னாவுல பெல்வெடேர்ல இருக்கு, 1907-08ல பண்ணது, அதுல நிஜ தங்க ரேக்கு ஒட்டியிருக்கார். தங்கம் நாம நகர நகர வெளிச்சத்த மாத்தி மாத்தி காட்டும். பிரிண்டர்ல தங்கம்னு ஒரு இங்க் இல்ல, மஞ்சளையும் பழுப்பையும் கலந்து தான் காட்டுது. கிட்ட இருந்து பாத்தா புரியும், 5 மீட்டர்ல, அதுவும் ராத்திரி மஞ்ச பல்பு வெளிச்சத்துல, முழுசும் பழுப்பு. அக்கா சொன்ன வார்த்தை "அழுக்கு படிஞ்ச மாதிரி இருக்கு தம்பி". அது அவங்க ரசனை குறைவு இல்ல, அவங்க கண்ணு சரியா தான் சொல்லியிருக்கு. மின்னுற பொருள், தடிமனா பூசுன வண்ணம், துணியோட நெளிவு, இதெல்லாம் உயிரா இருக்கிற ஓவியத்த பிரிண்ட்டா வாங்குறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிக்கணும்.

மூணாவது தான் அவங்க கையில கொண்டு வந்தது. ஹொகுசாய் அலை, 120 செ.மீ. அகலத்துக்கு பெருசு பண்ணி பிரிண்ட் எடுத்திருக்காங்க, எங்கயோ கிடைச்ச 1,200 பிக்சல் ஃபைல்ல இருந்து. அங்குலத்துக்கு வெறும் 25 பிக்சல் தான் வருது. கிட்ட வச்சு பாக்கணும்னா 300 வேணும், ஒரு ரெண்டு மூணு மீட்டர் தள்ளி பாக்குற பெரிய படம்னா 100 – 150 இருந்தா ஒப்பேத்தலாம், 25-ல அலையோட நுரை எல்லாம் படிக்கட்டு படிக்கட்டா இருந்துச்சு. அத விட முக்கியமான விஷயம், இது பெருசா மாட்டுறதுக்கு பண்ண படமே இல்ல. 1831 வாக்குல மரக்கட்டை அச்சுல ஆயிரக்கணக்குல அடிச்சு வித்தது, சைஸ் கிட்டத்தட்ட 25க்கு 37 செ.மீ., கையில எடுத்து வச்சு பாக்குற படம்.

என்ன பண்ணோம்

ஃப்ரேம் போடலைன்னு சொல்லி அந்த பிரிண்ட்ட திருப்பி கொடுத்துட்டேன். படத்த பத்தி பேச்ச ரெண்டு வாரம் நிறுத்திட்டு பழைய நியூஸ்பேப்பர எடுத்தோம். சோஃபா அகலம் 210 செ.மீ., அதுக்கு மேல மாட்டுற படம் அதுல மூணுல ரெண்டு பங்கு இருந்தா கண்ணுக்கு பொருந்தும், அதாவது 140. சோஃபா முதுகு 85 செ.மீ. உயரம், அதுக்கு மேல ஒரு 20 விட்டா படத்தோட அடி விளிம்பு 105-ல, உயரம் 90 வச்சா நடுப்புள்ளி 150-ல வரும். நின்னு பாக்குறவங்க கண் மட்டத்துக்கு நடுப்புள்ளி 145 – 150 இருக்கணும்ங்கிறது கேலரிகள்ல பொதுவா பாக்குற கணக்கு, அதுவும் சரியா வந்துடுச்சு. நியூஸ்பேப்பர அந்த அளவுக்கு ஒட்டி டேப் போட்டு மாட்டினோம். முதல் நாள் எல்லாருக்கும் பயங்கர பெருசா தெரிஞ்சுது, அண்ணன் "சுவரயே முழுங்குது"ன்னார். ஒரு வாரம் கழிச்சு 100 செ.மீ. அகல பேப்பர் மாட்டி பாத்தப்ப அவரே தான் "இது பத்தாது"ன்னு சொன்னார். இந்த பேப்பர் வேலைய மட்டும் யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க, கையால மாட்டி ஒரு வாரம் அதோட வாழ்ந்து பாத்தா தான் சைஸ் புரியும், ஃபோன்ல பாத்து புரியாது.

அப்புறம் தான் என்ன படம்ங்கிற பேச்சு. அக்காவுக்கு நான் சொன்ன ஒரே டெஸ்ட், பிடிச்ச படத்தோட ஃபோட்டோவ ஃபோன்ல கட்டை விரல் நகம் அளவுக்கு சின்னதாக்கி பாருங்க, அப்பவும் இது என்னன்னு தெரிஞ்சா அது 5 மீட்டர் தாங்கும். அவங்க சேத்து வச்சிருந்த நாப்பது படத்துல ஆறு தான் தேறுச்சு, ஆறுமே பெரிய பெரிய வண்ணத் திட்டு, கோடு கம்மி. அவங்களுக்கு எப்பவும் பிடிச்ச வகையும் அது தான், ஆனா "இதெல்லாம் நம்ம வீட்டுக்கு எதுக்கு, யாருக்கு புரியும்"னு ஒதுக்கி வச்சிருந்திருக்காங்க.

இந்த இடத்துல தான் அம்மா பேச்சுக்குள்ள வந்தாங்க. அக்காவோட முதல் சாய்ஸ் கருநீலமும் ஊதாவும். அத ஏ4 பேப்பர்ல அடிச்சு சுவர்ல ஒட்டி, எப்படிம்மா இருக்குன்னு கேட்டோம். "கருப்பா இருக்கு, எதுக்கு கருப்பு?" அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேஷன் இன்னும் பண்ணல. புரை முத்துனா கண்ணு லென்ஸ் மஞ்சளாகி பழுப்பாகும், நீலம் ஊதா எல்லாம் உள்ள வராம தடுத்துடும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு இதே தான் நடந்தது, அந்த வருஷங்கள்ல அவர் வரைஞ்சதுல சிவப்பும் பழுப்பும் ஏறிக்கிட்டே போச்சு, 1923-ல கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். அந்த சுவர இந்த வீட்ல அதிக நேரம் பாக்குறது அம்மா, அவங்களுக்கு கருப்பா தெரியற படத்த எப்படி மாட்டுறது? அக்கா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆரஞ்சு பக்கம் போயிட்டாங்க.

பிரிண்ட் வேண்டாம்னு முடிவு பண்ணி, ஓவியம் படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட 140க்கு 90 கேன்வாஸ்ல வரைஞ்சு தர சொன்னோம். மூணு பெரிய பரப்பு, ஆரஞ்சு, செங்கல் சிவப்பு, வெளிர் மணல் நிறம், இடது ஓரத்துல மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் விரல் அகலத்துக்கு ஒரு கருநீலக் கோடு. அந்த கோடு அந்த பொண்ணோட முடிவு, நாங்க கேக்கல. வண்ணத்த பத்தி மட்டும் நான் ஒண்ணு கேட்டேன், டியூப்ல லைட்ஃபாஸ்ட்னெஸ், அதாவது வெளிச்சத்துல மங்காம தாங்குற அளவு, என்ன போட்டிருக்குன்னு. நல்ல கம்பெனி டியூப்கள்ல ஏஎஸ்டிஎம் (ஒரு தர அளவுகோல்) 1, 2னு ரோமன் எண்ல போட்டிருக்கும், 1-ன்னா ரொம்ப நல்லா தாங்கும், 3-க்கு போயிடுச்சுன்னா வெயில் வர்ற சுவருக்கு வேண்டாம். அந்த பொண்ணு எடுத்து வச்சிருந்த சிவப்பு ஒரிஜினல் அலிசரின் கிரிம்சன், அது மங்குற ரகம், சொன்னதும் குவினாக்ரிடோன் சிவப்புக்கு மாத்திடுச்சு. கேன்வாஸ் எடுத்ததுல இன்னொரு லாபம், கண்ணாடி வேண்டாம். இந்த சைஸுக்கு 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஆறு கிலோவுக்கு மேல வரும், அது கூட பரவாயில்ல, சமையலறை வாசல்ல நின்னு பாத்தா அந்த கண்ணாடியில ஜன்னல் தான் தெரிஞ்சிருக்கும். மேற்கு ஜன்னலுக்கு மெல்லிய திரை போட்டாச்சு. எவ்வளவு தாங்குற வண்ணமா இருந்தாலும் நேர் வெயில் வேண்டவே வேண்டாம்.

இப்ப அண்ணன். அவருக்கு மேஜைக்கு பின்னாடி இருக்கிற சுவர், நாற்காலியில உக்காந்தா கண்ணுல இருந்து 80 செ.மீ. தூரம். அதே ஹொகுசாய் அலை தான் அவருக்கு, ஆனா அது பிறந்த சைஸ்ல. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-ல இருந்து காப்புரிமை தீர்ந்த அவங்க படங்கள யார் வேணா எதுக்கு வேணா எடுத்துக்கலாம்னு பெரிய ஃபைலாவே கொடுக்குது, இந்த அலையும் அதுல இருக்கு. அத இறக்கி 37 செ.மீ. அகலத்துல, காட்டன் பேப்பர்ல, பிக்மென்ட் இங்க்ல எடுத்தோம். சுத்தி 7 செ.மீ. மவுண்ட் (படத்த சுத்தி ஃப்ரேமுக்குள்ள வைக்கிற அட்டை ஓரம்), ஆசிட் இல்லாத போர்டு தான் போட்டேன், சாதா போர்டு போட்டா கொஞ்ச வருஷத்துல வெட்டுன ஓரம் பழுப்பாகி அந்த கறை படத்துலயும் இறங்கிடும். மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்ல, படம் கண்ணாடியில ஒட்டாம காப்பாத்துறதும் அது தான். நடுப்புள்ளி 150 இல்ல, 120-ல வச்சோம், உக்காந்து பாக்குற படத்துக்கு உக்காந்த கண்ணு தானே கணக்கு.

மாட்டுன அன்னிக்கு அண்ணன் நாற்காலியில உக்காந்து கொஞ்ச நேரம் பாத்துட்டு "டேய் இதுல படகு இருக்கு"ன்னார். மூணு படகு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் துடுப்ப பிடிச்சு குனிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆளுங்க, வரிசையா மொட்டைத் தலை மாதிரி தெரியும். அலைக்கு நடுவுல தூரத்துல குட்டியா ஃபூஜி மலை, அதுவும் இன்னொரு அலை மாதிரியே இருக்கும். 120 செ.மீ. பிரிண்ட்ட ஒரு மாசம் வீட்ல வச்சிருந்தும் அவர் கண்ணுக்கு அந்த படகு படவே இல்ல. கணக்கா பாத்தா 80 செ.மீ.ல இருக்கிற இந்த 37 செ.மீ. படம் அவர் கண்ணுக்கு, 5 மீட்டர்ல இருக்கிற 230 செ.மீ. படம் அளவுக்கு பெருசு. சின்ன படம்னு யார் சொன்னது?

சரியா வராததும் இருக்கு

பெரிய கேன்வாஸ நடுவுல ஒரே ஆணியில மாட்டுனது என் தப்பு, கதவு சாத்துற அதிர்ச்சியில ரெண்டு வாரத்துல சாஞ்சிடுச்சு, 60 செ.மீ. இடைவெளி விட்டு ரெண்டு ஹூக்கா மாத்தினேன். அண்ணனோட மேஜை விளக்கு அலை படத்து கண்ணாடியில அப்படியே பிரதிபலிச்சுது, விளக்க இடது பக்கம் நகத்தி தலைய கீழ சாய்ச்சதும் போச்சு. ஹால்ல இருந்த ரொம்ப மஞ்சளான பல்புல மணல் நிறமும் ஆரஞ்சும் ராத்திரி ஒண்ணா கலந்து தெரிஞ்சுது, அதுக்கு சிஆர்ஐ (நிறத்த எவ்வளவு சரியா காட்டுதுங்கிற அளவு) 90-க்கு மேல இருக்கிற எல்இடி மாத்தினதும் பிரிஞ்சு தெரிய ஆரம்பிச்சுது. படம் வாங்குறவங்க யாரும் பல்ப பத்தி யோசிக்கிறதே இல்ல, பாதி நேரம் படத்த பாக்குறது ராத்திரியில தானே.

கிளிம்ட் கேன்வாஸ அக்காவோட தங்கச்சி எடுத்துட்டு போயிட்டாங்க, அவங்க வீட்ல கட்டில் பக்கத்துல கிட்ட பாக்குற மாதிரி மாட்டியிருக்காங்களாம், நல்லா இருக்குன்னு ஃபோட்டோ அனுப்பினாங்க. சோரா பிரிண்ட்டுக்கு வழியே இல்ல.

எட்டு மாசம் ஆச்சு. நடுவுல அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் முடிஞ்சுது. போன வாரம் அக்கா ஃபோன் பண்ணாங்க. அம்மா காலையில எழுந்து வந்து வழக்கம் போல ஜன்னல் ஓரத்துல உக்காந்து ரொம்ப நேரம் அந்த படத்தையே பாத்துட்டு, அக்காவ சமையலறையில இருந்து கூப்பிட்டு, இடது ஓரத்த காட்டி கேட்டிருக்காங்க, "இந்த நீலக் கோட்ட யாரும்மா போட்டது, நேத்து வரைக்கும் இல்லையே?"